மூடி திறந்தால் என் குரல்

காலை ஆறரை மணிக்கு எங்கள் தெருவில் முப்பது வீட்டிலாவது என் குரல் கேட்கும். அந்த நேரத்தில் நான் வாய் நிறைய நுரையோடு குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருப்பேன். ஒரு வார்த்தை பேச முடியாது. ஆனால் எதிர்வீட்டு ஜன்னலில் நான் கணீரென்று பேசிக்கொண்டிருப்பேன்.

"வணக்கமுங்க. இந்தத் தளதளா க்ரீம்ல பாதரசம் இருக்குதுங்க. தோலை வெளுப்பாக்கும். நாள்பட்டா சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதுகூட ஸ்டீராய்டு இருக்குதுங்க. முகத்தோலை மெலிசாக்கும். நிறுத்தினா பரு வெடிக்கும், மூஞ்சி எரியும். வாசனைக்குச் சேத்த சரக்கு பன்னெண்டுங்க, அதுல மூணு அரிப்பைக் குடுக்கும். கேட்டதுக்கு நன்றிங்க."

நன்றி சொன்னதும் டக்கென்று ஒரு சத்தம். அது உள்மூடி திறக்கிற சத்தம். அப்புறம் அந்த வீட்டுப் பெண்டுகள் விரலை விட்டு எடுத்து வழித்துப் பூசிக்கொள்வார்கள்.

முன்னே இந்த மாதிரிச் சரக்குக்குத் தடை இருந்தது. தடை இருந்தும் ஒளித்து ஒளித்து விற்றார்கள். பிடிக்கப் போன அதிகாரி வீட்டிலேயே டப்பா இருந்தது. அதனால் ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டி இரண்டு வருஷம் குளுகுளு அறையில் உட்கார்ந்து, விஷத்தை விற்பது குற்றமில்லை, சொல்லாமல் விற்பதுதான் குற்றம் என்று கண்டுபிடித்தது. உடனே தடையை எடுத்துவிட்டு, சொல்லி விற்கும் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். விஷத்தைச் சொல்லிவிட்டுக் கொடுத்தால் அதற்குப் பேர் விஷமில்லையாம், தகவலாம்.

எழுத்தில் போட்டால் எவனும் படிப்பதில்லை. ஆகவே டப்பா வாயால் சொல்ல வேண்டும். மேல்மூடியைத் திறந்தால் பேச ஆரம்பிக்கும். முழுக்கக் கேட்டு முடித்தால்தான் உள்மூடி திறக்கும். மெஷின் குரல் கூடாது என்றும் போட்டிருந்தார்கள். ஏனென்றால் பெற்ற பிள்ளையின் குரலிலேயே மெஷின் போன் பண்ணி ஏமாற்றிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு நிஜ மனுசன், தன் வாயால் சொன்ன வார்த்தையாக இருக்க வேண்டும்.

அந்த மனுசனைத் தேடித்தான் தளதளா கம்பெனி மேனேஜர் கோகுல்நாத் ஈரோட்டுக்கு வந்தான். நான் ஆட்டோ மேலே குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்தேன். நாற்பத்தோரு வருஷமாக எனக்கு அதுதான் தொழில், ஆட்டோவில் மைக் கட்டி ஊருக்குள் விஷயம் சொல்வது.

"மாசிலாமணி ஐயாதானுங்களே?" என்றான்.

"எந்தக் கட்சி? காலைல ஒரு கட்சிக்குப் பேசறேன். உனக்கு வேணும்னா மத்தியானத்துக்கு மேல வா."

"கட்சியில்லீங்க. நாங்க ஒரு சர்வே எடுத்தோம். யார் குரலை நம்பறீங்கன்னு இந்தப் பக்கத்து ஜனங்களைக் கேட்டோம். டாக்டர், வாத்தியார், நடிகர்னு அறுபது குரல் போட்டுக் காட்டினோமுங்க. உங்க குரல்தான் மொதல்ல வந்துச்சு."

"போன வாரம்தான் ஒரே அலசுல சாயம் போற பெட்ஷீட்டுக்கு ஆயுசுக்கும் சாயம் போகாதுன்னு கத்தினேன். என்னையா நம்பறாங்க?"

"அது இல்லீங்க. சாவு சொல்றீங்க பாருங்க, அது. நீங்க 'அன்னார்'னு ஆரம்பிச்சா ஜனங்க டீ கிளாஸைக் கீழ வெச்சிடறாங்களாம். சாவு விஷயத்துல நீங்க ஒருக்காக்கூடப் பொய் சொன்னதில்லையாம்."

அது வாஸ்தவம். எங்கள் பக்கம் ஒருத்தர் போய்ச் சேர்ந்தால் ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொல்ல வேண்டும். பேர், வயசு, யாருக்கு அப்பா, யாருக்கு மாமனார், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள். செத்தவன் விஷயத்தில் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? அந்தக் குரலைத்தான் மூஞ்சிக்குப் பூசுகிற க்ரீமுக்குக் கேட்டு வந்திருந்தான் அவன். நானும் யோசிக்காமல் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன்.

கோயமுத்தூரில் சுவரெல்லாம் பஞ்சு வைத்த ஒரு அறையில் உட்கார வைத்து ஒரு தாளைக் கொடுத்தார்கள்.

"தம்பி, பாதரசம்னு போட்டிருக்குது. காய்ச்சல் பாக்கற கண்ணாடிக் குச்சியில முன்னெல்லாம் இருக்குமே, கீழ விழுந்தா உருண்டு ஓடுமே, அதா?"

"அதேதானுங்க."

"அது எதுக்கு மூஞ்சிக்கு?"

"தோல்ல கருப்பு ஊறிக்கிட்டே இருக்குது பாருங்க, அந்த வேலையை அது நிறுத்திடும்."

"அப்புறம் அது எங்க போகும்? மூஞ்சியிலயேவா நிக்கும்?"

கோகுல்நாத் தாளில் விரலை வைத்தான். "அடுத்த வரியில இருக்குதுங்க. உள்ள போயி சிறுநீரகத்துல தங்கும்."

"இதைச் சொன்னா எவன் வாங்குவான்?"

"அதுக்கெல்லாம் நீங்க கவலைப்படாதீங்க."

"நான் கவலைப்படலை. நீ ஏன் கவலைப்படலைன்னுதான் கேக்கறேன்."

அவன் சிரித்தான். பல்லெல்லாம் நல்ல வெள்ளை.

ஒரு தாளைப் படிக்க மூன்று நாள் வைத்திருந்தார்கள். கோபமாகப் பேசச் சொன்னார்கள், சிரிக்கச் சொன்னார்கள், சந்தையில் விலை கேட்பது மாதிரிப் பேசச் சொன்னார்கள். எதற்கு என்று கேட்டேன். "டப்பா ஒவ்வொரு வீட்டுக்கும் தகுந்த மாதிரிப் பேசணுமுங்க. சரக்குப் பேரும் கெடுதலும் மாறாது, அது சட்டம். தொனி மாறலாம், கூப்பிடற முறை மாறலாம்" என்றான்.

மூன்றாம் நாள் கொடுத்த தாளில், மகளிடம் பேசுவது போல என்று மேலே எழுதியிருந்தது. "வந்துட்டியா அம்மிணி. கால் வலிக்குதா கண்ணு. வெயில்ல வந்திருக்கறே, சித்த உக்காரு." இப்படி நாற்பது வரி. நான் நாலாவதோடு நின்றவன், ஆனாலும் தாளில் இருப்பதைத் தடங்கல் இல்லாமல் படிப்பேன். படித்து முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்த பொண்ணு கண்ணைத் துடைத்தது. "உங்க மக குடுத்து வெச்சவங்க" என்றது.

என் மகள் மரகதம் அதில் ஒரு வரியைக்கூட என் வாயால் கேட்டதில்லை. அதை அந்தப் பொண்ணிடம் நான் சொல்லவில்லை.

மரகதத்துக்கு அப்போது முப்பத்தொரு வயசு. அவள் ஒன்பதாவது படிக்கும்போது அவள் அம்மா போய்விட்டாள். அதிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டே பேர். டவுனில் பெரிய ஜவுளிக்கடையில் வேலை. மூன்றாம் மாடி, லுங்கியும் துண்டும் விற்கிற செக்ஷன். கீழே பட்டு செக்ஷனில் சிவந்த பெண்களை நிறுத்துவார்கள். எங்கேயும் எழுதிப் போடவில்லை, ஆனால் மாடி ஏற ஏற ஆள் நிறம் மங்கிக்கொண்டே போகும். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அவளுக்கு அது தெரிந்துவிட்டது.

பேசும் டப்பா வருவதற்கு ஒரு வருஷம் முன்னால் பெருந்துறையில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்து, சாப்பிட்டு, சரி என்று போனார்கள். பதினைந்தாம் நாள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"எதுக்குங்கப்பா வேண்டாம்னாங்க?" என்று மரகதம் கேட்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"உன் கருப்பைப் பாத்துட்டு ஓடிட்டான். வேற என்ன?" என்றேன்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பேச்சு என்பது தண்ணி வந்துச்சு, சோறு இருக்குது, கதவைச் சாத்துங்க என்ற அளவோடு நின்றுவிட்டது.

டப்பாக்கள் கடைக்கு வந்தன. இவ்வளவு கெடுதலையும் கேட்டுவிட்டு ஒருத்தியும் தொடமாட்டாள் என்று நினைத்தேன். இரண்டே மாசத்தில் ஊரில் வேறு க்ரீம் இல்லை.

டீக்கடை சின்னராசு என்னைப் பிடித்துக்கொண்டான். "ஏனுங்க மாசிலாமணி, உங்க டப்பாவுல என் சம்சாரம் ரெண்டு வேணுங்கறா."

"விஷம்னு நான்தான் தொண்டை கிழியச் சொல்றேனே, அப்புறம் என்ன?"

"அதான் விசேஷம். நீங்க சொல்லிட்டீங்க. இன்னொருத்தன் டப்பா இருக்குதுல்ல, கத்தாழையும் தேங்காயெண்ணெயும் மட்டும்தான் இருக்குதுன்னு ரெண்டே வரியில முடிச்சுக்கறான். எவனாச்சும் நம்புவானா? மிச்சத்தை எங்க ஒளிச்சானோ!"

"ஏப்பா, ஒண்ணும் இல்லாததாலதான் ரெண்டு வரி."

"ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்குங்க டப்பா?" என்றான்.

கத்தாழைக்காரன் கடையைச் சாத்திவிட்டு ஊரைப் பார்க்கப் போய்விட்டான்.

மரகதமும் வாங்கினாள். அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பூசுவாள். மூன்றாம் மாசம் முகம் கோதுமை மாவு மாதிரி ஆனது. ஐந்தாம் மாசம் மெழுகு மாதிரி. காதும் கழுத்தும் கையும் மட்டும் பழைய மரகதமாகவே இருந்தன. கடையில் அவளை ஒரேயடியாகக் கீழே இறக்கி, அதாவது உசத்தி, பட்டு செக்ஷனில் நிறுத்தினார்கள். கழுத்தை மூடுகிற ரவிக்கை அவர்களே தைத்துக் கொடுத்தார்கள்.

ஆறாம் மாசம் அவள் செருப்பு காலுக்குப் பற்றவில்லை. காலையில் எழுந்தால் கண் இரண்டும் வீங்கியிருக்கும். நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா கட்டை விரலால் அவள் காலை அழுத்தினார். குழி விழுந்து அப்படியே நின்றது.

"என்னம்மா பூசறே?"

மரகதம் முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டாள். நான்தான், "தளதளாங்க" என்றேன்.

டாக்டரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இந்தக் குரல்... நீங்கதானா அது? எங்க நர்ஸ் ரூம்ல காலைல பூரா உங்க சத்தம்தான்." அப்புறம் சோதனைச் சீட்டைத் திருப்பிக் காட்டினார். "சிறுநீரகம் சல்லடை மாதிரிங்க. ஓட்டை பெருசாயிடுச்சு. உடம்புல நிக்க வேண்டிய சத்து மூத்திரத்துல ஒழுகுது. இன்னிக்கே க்ரீமை நிறுத்தினா, மாத்திரையோட பெரும்பாலும் சரியாயிடும். நிறுத்தலைன்னா ஒரு வருஷத்துல மெஷின்ல போட்டு ரத்தத்தைக் கழுவ வேண்டி வரும். புரியுதாம்மா?"

"சரிங்க" என்றாள் மரகதம்.

நிறுத்தவில்லை. பதினைந்து நாள் கழித்தும் கண் வீங்கியே இருந்தது. அறையில் புகுந்து டப்பாவை எடுத்துச் சாக்கடையில் வீசினேன். மறுநாள் புதுசு வந்தது. அதையும் வீசினேன்.

"சாகறதுன்னு முடிவு பண்ணிட்டியா? பட்டுச்சேலை விக்கறதுக்கு உசுரைக் குடுக்கணுமா கழுதை?" என்று கத்தினேன். தெருவே கேட்டது. அவள் என் கத்தலைக் காற்று மாதிரி கடந்து போனாள்.

ஒரு திங்கள்கிழமை காலை. குழாயில் தண்ணீர் நின்றுபோனதைச் சொல்ல அவள் அறைப் பக்கம் போனேன். உள்ளே பேச்சுச் சத்தம்.

"வந்துட்டியா அம்மிணி. சித்த உக்காரு."

என் குரல். ஆனால் எனக்கே தெரியாத என் குரல்.

"இதுல பாதரசம் இருக்குது கண்ணு. தோலை வெளுப்பாக்கும்."

"ம்" என்றாள் மரகதம்.

"நாள்பட்டா சிறுநீரகத்தைக் கெடுக்கும் அம்மிணி."

"தெரியுங்கப்பா."

"முகத்தோலை மெலிசாக்கும் கண்ணு. நிறுத்தினா மூஞ்சி எரியும்."

"இப்பவே எரியுதுங்கப்பா. நேத்து கடையில நாள் பூரா நின்னேனா, காலும் வலிக்குது."

"கால் வலிக்குதா கண்ணு. கேட்டதுக்கு நன்றி அம்மிணி."

டக். உள்மூடி திறந்தது. அப்புறம் அவள் மேல்மூடியைச் சாத்துவது கேட்டது. மறுபடி திறந்தாள்.

"வந்துட்டியா அம்மிணி. சித்த உக்காரு."

மூன்று தடவை கேட்டாள். நான் தண்ணீர் விஷயத்தைச் சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன். பட்டு செக்ஷனுக்காகப் பூசுகிறாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன் பாருங்கள், அத்தனையும் தப்புக் கணக்கு.

அன்றைக்கே கோயமுத்தூருக்கு பஸ் ஏறினேன். கோகுல்நாத் நாற்காலி போட்டு உட்கார வைத்தான்.

"அந்த டப்பா என் மககிட்ட என் மாதிரிப் பேசுது" என்றேன்.

"உங்க குரல்தானுங்களே?"

"நான் அப்படிப் பேச மாட்டேன்."

"ஓ, அதுங்களா. மேல்மூடியைப் பாதியில சாத்தறாங்களா, முழுக்கக் கேக்கறாங்களான்னு டப்பா பாத்துக்கிட்டே இருக்கும். பதிலுக்கு என்ன பேசறாங்கன்னும் கேட்டுக்கும். எந்தத் தொனியில பேசினா சாத்தாம கேக்கறாங்களோ, அந்த வீட்டுல அதையே பேசும். உங்க வீட்டுல இது பிடிச்சிருச்சாட்ட இருக்குது."

"அவளுக்குச் சிறுநீரகம் போச்சு தம்பி."

அவன் முகம் நிஜமாகவே சுருங்கியது. "அதைத்தானுங்களே டப்பா சொல்லுது?"

"என் குரலை எடுத்துரு."

"எழுதிக் குடுத்துட்டீங்க. உங்க பேச்சு இப்ப எங்க சொத்துங்க."

"அப்ப புதுசா ஒண்ணு பேசித் தரேன். பூசாதே கண்ணுன்னு சொல்றேன். அதைப் போடு."

"அதை நாங்க வேற ஆள் குரல்ல சோதனை பண்ணிப் பாத்துட்டமுங்க ஐயா. 'பூசாதே'ன்னு பாசமாச் சொன்னா விற்பனை நூத்துக்குப் பதினாலு கூடுது. அடுத்த மாசம் அந்த மாதிரி டப்பா எப்படியும் வருது."

இவனிடம் பேசிப் பிரயோசனமில்லை. அந்த டப்பாவிடம் இருந்து என் மகளை மீட்க ஒரு வழிதான் இருந்தது. டப்பா பேசுகிறதை நான் பேச வேண்டும்.

சொல்ல எளிது. ஆட்டோவை ஊருக்கு வெளியே குளக்கரையில் நிறுத்திப் பழகிப் பார்த்தேன். "அம்மிணி. கண்ணு. அம்மிணி." பத்துத் தடவை சொல்லியிருப்பேன். எருமை கழுவிக்கொண்டிருந்த ஆள், "யாரைங்க கூப்பிடறீங்க?" என்று கேட்டபோதுதான் மைக்கை அணைக்கவில்லை என்று தெரிந்தது. குளக்கரை பூராவும் கேட்டிருக்கிறது.

மறுநாள் காலை அவள் அறை வாசலில் போய் நின்றேன். அவள் கண்ணாடி முன்னால் முடி சீவிக்கொண்டிருந்தாள். டப்பா அலமாரியில் சாத்தியபடி இருந்தது.

"அம்மிணி" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. டப்பாவைப் பார்த்தாள். "இன்னும் மூடியே திறக்கலையே" என்றாள், தனக்குத்தானே.

பேச்சை நிறுத்தினால் மறுபடி வாய் வராது என்று மடமடவென்று சொன்னேன். "அன்னிக்கு உன்னைக் கருப்புன்னு சொன்னது தப்பு கண்ணு. அதைப் பூசாதே." கடைசி வார்த்தை தொண்டையில் சிக்கி உடைந்து வந்தது.

சீப்பு அவள் முடியிலேயே நின்றது. திரும்பினாள். வீங்கின கண்ணால் என்னை வெகுநேரம் பார்த்தாள்.

"காப்பி குடிச்சீங்களாப்பா?" என்று கேட்டாள்.

அன்றைக்கு அவள் டப்பாவைத் திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. மாத்திரை போட்டாள். முகம் எரிந்தது, பரு வெடித்தது, வெள்ளைத் துணியை நனைத்துப் போட்டுக்கொண்டு கிடந்தாள். கடையில் ஒரு வாரம் லீவு. நான் ரசம் வைத்துக் கொடுத்தேன். உப்புப் போடக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதால் அவள் சிரித்துக்கொண்டே அதைக் குடித்தாள். பத்தொன்பது நாள். செருப்பு காலில் ஏறியது.

இருபதாம் நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள் ஒரு புது டப்பாவை எனக்கும் அவளுக்கும் நடுவில் வைத்தாள். கடையில் பெண்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார்களாம். அப்பாமார் தினத்துக்கு விட்ட ஸ்பெஷல் டப்பா. மேல்மூடியைத் திறந்தாள்.

"அம்மிணி" என்றது டப்பா. "அன்னிக்கு உன்னைக் கருப்புன்னு சொன்னது தப்பு கண்ணு. இதுல பாதரசம் இருக்குது. அதைப் பூசாதே."

கடைசி வார்த்தை தொண்டையில் சிக்கி உடைந்து வந்தது. அதே இடத்தில், அதே மாதிரி. அன்றைக்கு அலமாரியில் மூடிக் கிடந்த டப்பா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"எங்க செக்ஷன்ல பதினாறு பேருங்கப்பா" என்றாள் மரகதம். "பதினாறு பேரும் அழுதாங்க. எல்லா வீட்டுலயும் ஒரு அப்பன் கருப்புன்னு சொல்லியிருக்கான் போல. அழுதுட்டு பதினாறு பேரும் ஆளுக்கு ரெண்டு டப்பா வாங்கிட்டாங்க."

"அன்னிக்கு வாசல்ல நின்னு சொன்னீங்களே. அது நீங்க சொன்னதா, கம்பெனிக்காரன் எழுதிக் குடுத்துச் சொல்லச் சொன்னதா?"

"நான் சொன்னதுதான் அம்மிணி" என்றேன். அதுவும் டப்பா பேசுகிற மாதிரியே இருந்தது. "சத்தியமா கண்ணு" என்றேன். அது இன்னும் மோசமாக இருந்தது. நாற்பத்தோரு வருஷமாக வாயை வைத்தே பிழைத்தவனுக்கு, நம்பும்படி சொல்ல ஒரு வார்த்தை மிஞ்சவில்லை.

டப்பா நன்றி சொல்லிவிட்டது. டக்கென்று உள்மூடி திறந்தது. மரகதம் ஒரு விரலை அதில் வைத்தாள். வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

அப்போதுதான் சொன்னேன். பாசமாகவெல்லாம் சொல்லவில்லை. என் வழக்கமான கட்டைக் குரலில் சொன்னேன்.

"பெருந்துறைக்காரன் உன் கருப்பைப் பாத்து ஓடலை."

விரல் நின்றது. "பின்ன?"

"என்னைப் பாத்து ஓடினான். எனக்கு அவன் மேல சந்தேகம். குடிப்பானோ, வேற எவகூடயாவது தொடுப்பு இருக்குதோன்னு ரெண்டு வாரம் அவன் பின்னாலயே போனேன். அவன் வேலை செய்யற பட்டறையில கேட்டேன். அவன் தெருவுல கேட்டேன். என் தொண்டைதான் உனக்குத் தெரியுமே, மெதுவாக் கேக்க வராது. டீக்கடையில நின்னு அவன் ஒழுக்கமானவனான்னு கேட்டது அவங்கப்பன் காதுல விழுந்துருச்சு. இப்படிச் சந்தேகப்படற வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. பையனுக்கு உன்னைப் பிடிச்சுத்தான் இருந்துச்சு. ரெண்டு தடவை ஆள் விட்டான். நான்தான் அந்த ஆளையும் விரட்டி விட்டேன்."

"என்கிட்ட கருப்புன்னு சொன்னீங்க."

"சொன்னேன். என் மேல தப்புன்னு சொல்ல வாய் வரலை. உன் தோல் பக்கத்துல இருந்துச்சு, அது மேல போட்டுட்டேன்."

மரகதம் விரலை எடுத்துப் புடவையில் துடைத்தாள். மேல்மூடியைச் சாத்தினாள். அவ்வளவு மெதுவாக ஒரு மூடியைச் சாத்த முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ரெண்டு வருஷமுங்கப்பா" என்றாள். "ரெண்டு வருஷமா தெனமும் கண்ணாடியில எதைத் தேடிக்கிட்டு நின்னேன்?"

டப்பாவை எடுத்துக்கொண்டு போய்த் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். உள்ளே போய் அறைக் கதவைத் தாழ் போட்டாள்.

மறுவாரம் மூன்றாம் மாடிக்கே மாற்றிக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். லுங்கி செக்ஷன். முகத்தில் பழைய நிறம் திட்டுத் திட்டாக ஏறி வருகிறது. சோதனைச் சீட்டைப் பார்த்து டாக்டரம்மா தலையை ஆட்டினார். ஒழுகல் நின்றுகொண்டு வருகிறதாம். அந்தச் சீட்டை அவள் எனக்குக் காட்டவில்லை, மேஜையில் கிடந்ததை நான் எடுத்துப் பார்த்தேன்.

போன வாரம் கோகுல்நாத் போன் பண்ணினான்.

"ஐயா, உங்க வீட்டு டப்பா கடைசியா ஒண்ணு கேட்டு அனுப்பியிருந்துச்சு. பெருந்துறை விஷயமுங்க. நல்ல உருக்கமா இருந்துச்சுன்னு ஐநூறு வீட்டுல போட்டுப் பாத்தோம். இந்த ஊர், ஆள் பேரெல்லாம் மாத்தித்தானுங்க. என் மேல இருந்த தப்பை உன் தோல் மேல போட்டேன்னு மட்டும் வெச்சுக்கிட்டோம்."

"என்ன ஆச்சு?"

"பாதரசம்ங்கற வார்த்தை வர்றதுக்குள்ளயே மூடிட்டாங்க. முக்காவாசிப் பேரு. அப்புறம் திறக்கவே இல்லை. சில வீட்டுல என்னமோ சண்டையாம், டப்பா உடைஞ்சு போச்சு." அவன் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "அதை அழிச்சிட்டமுங்க. வேற ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க."

வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மரகதம் நாலு மாசமாக என்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. டப்பாவோடும் பேசுவதில்லை.